கந்தையிற் கற்கும் கலை

கைப்பணி ஒன்றைப் புதிதாகக் கற்கப் புகுவோர் இக்காலத்தில் முதற்கண் வினவுவது, "எவற்றை வாங்குதல் வேண்டும்?" என்பதே. துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஊசியால் இணைத்துத் தைக்கும் போர்வைப் பணிக்கும் இதுவே நிலை. ஆங்கிலத்தார் 'குயில்ட்' என வழங்கும் அப்போர்வையைச் செய்யப் பயில விரும்புவார்க்கு, அளவாக வெட்டிய புதுத்துணிகளும் வண்ண நூல்களும் அச்சிட்ட மாதிரிகளும் தையற் பொறிகளும் கடைகளிற் காத்திருக்கின்றன. இவற்றையெல்லாம் வாங்கிய பின்னரே கல்வி தொடங்கும் என்னும் எண்ணம் பொருந்தாது என்பதும், பழந்துணியும் ஓர் ஊசியும் ஒரேவகைத் தையலுமே தொடக்கத்தார்க்குப் போதுமானவை என்பதும் எமது கருத்து. வங்கநாட்டுப் பெண்களின் 'காந்தா' இதற்குத் தக்க சான்றாகும்.

காந்தா என்பது வங்கநாட்டார் இத்தகைய போர்வைக்கு இட்ட பெயர். வடமொழியிலே 'கந்தா' என்பது ஒட்டுப்போட்டுத் தைத்த துணியைக் குறிக்கும். நாம் வழங்கும் 'கந்தை' என்னுஞ் சொல்லும் அதன் வழிவந்ததென அகராதியார் கூறுவர். ஒரே சொல் அங்கே ஒரு கலையின் பெயராக உயர, இங்கே இழிவுப் பொருளில் நின்றுவிட்டது. பொருநராற்றுப்படையிலே, தையல் பல ஏறிய பழந்துணியைக் களைந்து பொருநனுக்கு நுண்ணிய புத்தாடை அளித்த கரிகாலன் கொடையைப் படிக்கின்றோம். மாணவர்க்குப் பாராட்டியும் உரைக்கின்றோம். அப்பழந்துணியைக் கிழியக் கிழியத் தைத்துக் காத்த கை எவருடையது என எவரும் வினவுவதில்லை.

காந்தா செய்யும் முறை மிக எளியது. உடுத்துத் துவைத்து மென்மையுற்ற பழஞ் சேலைகளும் வேட்டிகளும் சில அடுக்குகளாகத் தரையில் விரிக்கப்படும். சேலைக் கரைகளிலிருந்து உருவிய வண்ண நூலே தையல் நூலாகும். ஊசியைத் துணியின் மேலுங் கீழுமாகச் செலுத்திச் செல்லும் நூலோட்டமே அதன் தலையாய தையல். நடுவே தாமரையும், நான்கு மூலைகளிலே மரங்களும், இடையிடையே யானை, குதிரை, மீன், தேர் முதலியனவும் பெரும்பாலும் இவ்வொரு தையலாலேயே உருப்பெறுகின்றன. உருவமில்லாத வெள்ளை வெளியையும் அதே தையல் நிரப்ப, துணி சிறு அலைகள் எழுந்தாற்போல நெளிந்து தோன்றும்.

இனி, தொடக்கத்தார் செய்யவேண்டுவது யாது? கட்டிலளவு போர்வையை எடுத்துக்கொண்டு இடைவழியிற் கைவிடுதலினும், ஒரு முழச் சதுரத்தை எடுத்து முடித்தல் நன்று. கஞ்சி நீங்கத் துவைத்த பழந்துணியில் மூன்று துண்டுகளை ஒத்த அளவில் வெட்டி, சுருக்கமின்றி அடுக்கி, அடுக்குகள் நழுவாவண்ணம் முன்னர் நீண்ட தையல்களால் நான்கு விரல் இடைவெளியில் இணைத்துக்கொள்ள வேண்டும். பின்னர்ச் சிறு தையல்களை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி இடவேண்டும். விளிம்பிலே தொடங்கினால் தளர்ந்த துணி நடுவே திரண்டு மடிப்பாகும். நூலை இறுக்கி இழுத்தலும் தளர விடுதலும் தகா. முதல் வரிசையிலே தையல்கள் நீண்டுங் குறுகியும் நிற்கும். பத்தாவது வரிசையிற் கை தானே ஓரளவைக் கண்டுகொள்ளும். முதல் வரிசையைப் பிரித்தெறிதல் வேண்டா. கற்றதன் அளவை மாணவனுக்குக் காட்டுவது அதுவே.

பழந்துணியிற் பயில்பவனுக்கு அச்சமில்லை. விலைகொடுத்து வாங்கிய புதுத்துணியை வெட்டும்போது கை நடுங்கும். கழித்த துணியிலோ கை துணிந்து செல்லும். ஒரே தையலிற் பயில்பவனுக்கு மயக்கமுமில்லை. வல்லார் இடுந் தையலும் புதியார் இடுந் தையலும் காந்தாவில் ஒன்றே. வேறுபாடு பயிற்சியில் மட்டுமே. பத்துவகைத் தையலை ஒரு தவணைக்குள் காட்டிவிட்டு ஒன்றையும் கைவரச் செய்யாத கற்பித்தலினும் இது சிறந்தது. இலக்கணம் கற்பிப்போரும் கணிதம் கற்பிப்போரும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

வெப்பநாட்டார்க்கு அடுக்குப் போர்வை எதற்கு என்பார் உளர். வங்கமும் வெப்பநாடே, மழைக்கும் மெல்லிய குளிருக்கும் போதுமாறு மெல்லியதாகவே அங்கே இது தைக்கப்படுகின்றது. பொறி விரைந்து தைக்குமே என்பார், போர்வையை மட்டும் எண்ணுகின்றனர். பொறுமையும் அளவறிவும் பொறிக்கு வேண்டாதவை, மாணவனுக்கு வேண்டுபவை. தையல் பெண்களுக்கே உரியது என்பார்க்கும் விடையுண்டு. சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளருள் துன்னகாரரையும் எண்ணுகின்றது. நம் ஊர்களிலே தையற்கடை நடத்துவோருள் ஆடவர் பலர். ஆண்பிள்ளைகளின் கையில் ஊசியைக் கொடுக்க நாம் நாணுவதற்குக் காரணம் யாதுமில்லை.

பரீட்சைக்கு உதவாத பணிக்கு நேரமேது என்பதே இவற்றுள் வலிய தடை. காந்தா தைத்த பெண்களுட் பலர் பள்ளிக்கூடம் அறியாதவர். ஆயினும் தாங்கள் கண்டதையும் கேட்டதையும் ஊசியால் எழுதிவைத்தனர். மானதாசுந்தரி என்னும் பெண், தன் தந்தைக்காகத் தன் கையால் தைத்தது எனத் துணியிலேயே பொறித்த காந்தா, கொல்கத்தாவிலுள்ள குருசதய் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. ஜசீமுத்தீன் என்னும் வங்கக் கவிஞர் 1929 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்னுங் காவியத்திலே, கணவனைப் பிரிந்த தலைவி தன் வாழ்வு முழுவதையும் ஒரு காந்தாவிலே தைத்துவிட்டு இறக்கின்றாள். அவள் கேட்டபடியே அது அவள் புதைகுழியின்மேல் விரிக்கப்படுகின்றது. வேறெவ்விடத்தும் தம் பெயரை எழுத வாய்ப்பில்லாதார்க்கு இடமளித்த ஒரு கலையை, வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளுதல் கல்வியாளர்க்கு அழகன்று.

பழந்துணியின் அருமையை நாமும் அறியாதவரல்லர். பிள்ளைக்கு ஏணை கட்டப் புதுச்சேலையை எவரும் தேடுவதில்லை. உடுத்துப் பழகிய நூற்சேலையே வேண்டும் என்பர். அத்துணியின் மென்மையை அறிந்த முதியோர் நம் வீடுகளிலே இருக்கின்றனர். கிழிசலை வெளித்தெரியாமல் தைக்கவும், துண்டுத் துணிகளை ஒன்றாக்கவும் அறிந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் கேட்டுக் கற்கும் காலம் நீளாது.

வங்கத்துக் காந்தாக்களுள் நூல்களைப் பொதிந்து வைப்பதற்கென்றே தைத்த சதுரத் துணிகளும் உண்டு. நம் பாடசாலைகளிலே மாணவர், மாணவியர் ஒவ்வொருவரும் வாரத்திற்கு ஒரு பாடவேளையாக ஒரு தவணைக் காலத்தில் அத்தகைய சதுரம் ஒன்றைத் தைத்து முடிப்பாராக. வீட்டிலுள்ள பாட்டியார் துணியையும் கொடுத்து முதல் வரிசையையும் காட்டிக்கொடுப்பார். முடித்த துணிகளாற் பாடசாலை நூலகத்திலுள்ள பழைய நூல்களையும் ஏட்டுச்சுவடிகளையும் பொதிந்து வைக்கலாம். இதற்குத் திணைக்களத்தின் சுற்றறிக்கையோ தனி நிதியோ தேவையில்லை. ஆசிரியர் ஒருவர் மனங்கொண்டால் வருந் தவணையிலேயே தொடங்கலாம்.