வார லீவிலும் தீராத அசதி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலையோ, உதிரிபாகக் கம்பெனியோ, எங்கே வேலை பார்த்தாலும் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர் சொல்வது ஒன்றுதான்: "உடம்பு அசதியா இருக்கு." பெரும்பாலும் அது உண்மை. ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்தால் தூக்கம் கெடும், பசி மாறும், எரிச்சல் வரும். ஆனால் அந்த அசதியின் பேரைச் சொல்லிக்கொண்டே மனச்சோர்வும் நம்மோடு குடியிருந்துவிடுகிறது. பிரித்தறிவது எப்படி?

வார லீவைக் கவனியுங்கள். வேலைக் களைப்பு, நன்றாகத் தூங்கி எழுந்தால் குறையும். மனச்சோர்வு லீவிலும் விடாது. விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வரும். பிடித்த குழம்பும் ருசிக்காது. பிள்ளை கூப்பிட்டாலும் பதில் சொல்லத் தோன்றாது. எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கும். இப்படி இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரைப் பார்த்தாக வேண்டும். மனச்சோர்வைக் கணிக்க மருத்துவம் வைத்திருக்கும் அளவும் அதுவே. குவார்ட்டர் இல்லாமல் தூக்கம் வராது என்ற நிலை வந்துவிட்டால், அந்த இரண்டு வாரமும் வேண்டாம். செத்துப்போகலாம் என்று தோன்றினால் அன்றைக்கே உதவி தேட வேண்டும்.

2015-16 தேசிய மனநல ஆய்வு, மனநோய் உள்ளவர்களில் நோயைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறவில்லை என்றது. "மென்டல்னு சொல்லிடுவாங்க" என்ற பயம் இங்கே அத்தனை பெரிது.

திருவள்ளூர் வீரராகவரை வைத்திய வீரராகவர் என்றே கும்பிடுகிறோம். அமாவாசைக்குப் போய், நோய் தீர வேண்டிக் குளத்தில் வெல்லம் கரைக்கிறோம். சர்க்கரைக்கு வேண்டிக்கொண்டவர் மாத்திரையை நிறுத்துவதில்லை. மனநோய்க்கு மட்டும் வேண்டுதலோடு நின்றுவிடுகிறோம். அப்படி வேண்டுதலை நம்பி ஏர்வாடியில் விடப்பட்டு, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 2001 ஆகஸ்ட் 6 அன்று தப்பிக்க வழியின்றித் தீயில் சிக்கினார்கள். 28 பேர் இறந்தார்கள். சிகிச்சை கிடைத்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

இன்று போவதற்கு இடம் இருக்கிறது. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். இஎஸ்ஐ அட்டை காய்ச்சலுக்கு மட்டுமல்ல, மனநல சிகிச்சைக்கும் உண்டு. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு இரவு இரண்டு மணிக்கும் கட்டணமின்றிப் பேசலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் ஊரில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் தங்கள் மொழியிலேயே பேசலாம். இந்த எண்ணைக் கம்பெனி கேன்டீன் சுவரில் எழுதிவைக்க வேண்டும்.

சோர்வில் மூழ்கியவருக்குத் தானாகக் கிளம்பிப் போகும் தெம்பு இருக்காது. அந்த நோயே அப்படித்தான். அதனால் லைன் மேட், சூப்பர்வைசர், வீட்டுக்காரம்மா, யார் முதலில் கவனித்தாலும் அறிவுரை சொல்ல வேண்டாம். ஒரு நாள் லீவு போட்டு, கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.