கண்டறிய வரும் வண்டி, கற்பிக்க வராதா?

‘ஆக்குபேஷனல் தெரபி’யைத் ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்று மொழிபெயர்க்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு என்ன தொழில்? சோறு பிசைந்து உண்பது, பொத்தான் போடுவது, குந்தி எழுவது, விளையாடுவது. எல்லாம் வீட்டில் நிகழ்பவை. பயிற்சி மட்டும் ஏன் நகரத்து அறையில்?

2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிய வேண்டும். கண்டறிந்த பின், குழந்தையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். திருச்சானூரில் இருக்கும் எங்களுக்குத் திருப்பதி கூப்பிடு தூரம். சித்தூரின் உட்கிராமத்துக் கூலித்தாய்க்கோ ஒவ்வொரு பயணமும் ஒருநாள் கூலி இழப்பு. அவள் வருவது நின்றதும் ‘பெற்றோருக்கு அக்கறையில்லை’ என்று சொல்வது அநீதி.

செலவாகும் என்பார்கள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம், உள்ளூர்ப் பணியாளர்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கே அனுப்புகிறது. வல்லுநர்கள் பின்னிருந்து வழிகாட்டுகிறார்கள். ஒரு தொண்டு நிறுவனத்தால் இயல்வது அரசால் இயலாதா?

மொழியியல் மாணவராக ஒன்று சொல்வேன். இங்கே வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகள் உண்டு. அத்தகைய குழந்தையிடம் தெலுங்கில் ஏவி, அது விழித்தால் ‘புரிதல் குறைவு’ எனக் குறிப்பது குழந்தையின் குறையன்று, சோதித்தவரின் பிழை. வீட்டுக்கு வருபவர் தாயின் சொல்லைக் கொண்டே பழக்குவார். அவர் போன பிறகும் தாய் அதைத் தொடர்வாள்.

குறையைச் சொல்ல ஊருக்குள் வரும் வண்டி, கைகொடுக்கவும் வரட்டும்.