அம்பின் முனையும் லேசர் ஒளியும்

 

அண்மையில் இளையரசனேந்தலில் உறவினர் இல்லமொன்றிற்குச் சென்றிருந்தேன். பதினோராம் வகுப்பு பயிலும் அவ்வீட்டுப் பிள்ளை, எரியாமற்போன பச்சை லேசர் விளக்கொன்றைப் பிரித்துப் பழுதுபார்த்துக் கொண்டிருந்தான். பேட்டரியைத் தொடும் கம்பிச்சுருளின் துருவைச் சுரண்டி, விட்டுப்போன இணைப்பைப் பற்றவைத்ததும் ஒளி வந்தது. மாஷா அல்லாஹ் என்று மகிழ்ந்தேன். அவனோ அத்துடன் நிற்கவில்லை. ஒளி மங்கலாயிருக்கிறதென்று, மின்னோட்டத்தைக் கூட்டவும், முகப்பிலிருந்த சிறு வடிகட்டியைக் கழற்றவும் முனைந்தான். அப்போதுதான் தடுத்தேன்.

பச்சை லேசருக்குள் முதலில் பிறப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. 808 நானோமீட்டர் அளவிலான அது, ஒரு படிகத்தில் 1064 ஆகி, மற்றொரு படிகத்தில் 532 நானோமீட்டர் பச்சையாக மாறுகிறது. மாறாமல் எஞ்சியதைத் தடுப்பதே வடிகட்டியின் வேலை. பச்சை மங்கலாயிருந்த மலிவான லேசர் ஒன்றிலிருந்து அதைவிடப் பன்மடங்கு அகச்சிவப்பு வெளிப்பட்டதை 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். கண்கூசும் ஒளிக்கு இமை கால் நொடியில் மூடிக்கொள்ளும். தெரியாத ஒளிக்கு மூடாது. விழித்திரை சுடப்படும்போது வலிப்பதுமில்லை. பட்ட தழும்பு நிலைத்துவிடவும் கூடும்.

ஒளியை ஆராய்வது நமக்கு அந்நியமானதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'கிதாபுல் மனாஸிர்' எழுதிய இப்னுல் ஹைஸம், கடும் ஒளி கண்ணை வருத்துவதைத் தம் ஆய்வின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டினார். ஆகவே பிள்ளையின் ஆர்வத்தை நான் குறை கூறவில்லை. அதற்குரிய எல்லையையே நினைவூட்டுகிறேன்.

பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புடன் செல்பவர், எவரையும் காயப்படுத்திவிடாதவாறு அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். எய்யும் எண்ணமில்லாதவருக்கும் அந்தக் கட்டளை உண்டு. கையிலுள்ள லேசரும் அத்தகைய அம்பே. அதன் முனையோ வானம்வரை நீள்கிறது. 2025 மே மாதம், துபாயிலிருந்து வந்த விமானம் சென்னையில் தரையிறங்கும் வேளையில் பரங்கிமலைப் பக்கமிருந்து லேசர் ஒளி பாய்ச்சப்பட்டது. விமானியின் பார்வை ஒரு நொடி மறைந்தால் என்னவாகும்? அத்தகைய விமானங்களில்தானே நம் தந்தையரும் சகோதரர்களும் ஊர் திரும்புகின்றனர்!

பெற்றோர்களே, கருவியைப் பிடுங்கி எறிவதோடு கடமை முடிந்துவிடாது. துரு நீக்கட்டும், இணைப்பைச் சரிசெய்யட்டும். வடிகட்டியைத் தொடுவதும் திறனைக் கூட்டுவதும் கூடாதெனக் காரணத்துடன் கூறுங்கள். அமெரிக்காவில் இத்தகைய கையடக்க லேசருக்கு 5 மில்லிவாட்டே உச்ச வரம்பு என்பதையும் சொல்லுங்கள். அந்தக் கைத்திறனை வீட்டு மின்விசிறிக்கும் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கும் திருப்பிவிடுங்கள்.

செவி, பார்வை, இதயம் ஆகிய யாவும் மறுமையில் விசாரிக்கப்படும் (17:36). நம் கண் அமானிதம். பிறர் கண்ணும் அவ்வாறே. அல்லாஹ் நம் பிள்ளைகளின் பார்வையையும் அறிவையும் பாதுகாப்பானாக! ஆமீன்.