ரெண்டு சர்வர் இருந்தா டேட்டா பத்திரமா?

"எங்ககிட்ட ரெண்டு சர்வர் இருக்கு சார், டேட்டா எங்கயும் போகாது." பத்து கம்ப்யூட்டர் ஓடுகிற சின்ன ஆடிட்டர் ஆபீஸில் இப்படி யாராவது பெருமையாகச் சொன்னால், அந்த இரண்டும் எங்கே இருக்கின்றன என்று குனிந்து பாருங்கள். ஒரே மேஜைக்கு அடியில், ஒரே யூபிஎஸ்ஸில், ஒரே எட்டு போர்ட் சுவிட்சில் இருக்கும். பேட்டரி போனால் இரண்டும் ஜோடியாகப் படுத்துக்கொள்ளும்.

சரி, ஒழுங்காகவாவது சேர்த்து வைக்கிறார்களா? பழைய சர்வரில் டிஹெச்சிபி ஓடிக்கொண்டிருக்கும். புதியதிலும் அதையே ஆன் செய்து, அதே 192.168.1.100 முதல் 200 வரை முகவரி கொடுக்கச் சொல்லிவிட்டு சர்வீஸ்காரர் கிளம்பிவிடுவார். ஒரே சீட்டை இரண்டு பேருக்கு விற்ற பஸ் கதைதான். பிரிண்டர் வரவில்லை, டாலி திறக்கவில்லை என்று கூச்சல். பழி என்னவோ கேபிள் மேல்! ஆளுக்குப் பாதி எண்களைப் பிரித்துக் கொடுத்தால் தீர்ந்தது. விண்டோஸ் சர்வர் 2012-இலிருந்து இரண்டும் பேசிப் பங்குபோட்டுக்கொள்ள ஃபெயில்ஓவர் வசதியே உண்டு. யார் செய்கிறார்கள்?

இதாவது தொல்லையோடு போகும். பெரிய ஏமாற்று வேலை அடுத்தது. ஒன்றில் எழுதியது உடனே மற்றதிலும் பதிவாகும் என்று சொல்லித்தான் இரண்டாவதை விற்கிறார்கள். அழித்தால்? அதுவும் உடனே அழியும். 2017 மே மாதம் வந்த வன்னாக்ரை ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் பிட்காயின் கேட்டது. அது நெட்வொர்க் வழியாகவே பக்கத்து மிஷினுக்கும் தாவியது. ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அதைப் போடாத ஆபீஸில் இரண்டு சர்வர் என்ன, இருபது இருந்தும் என்ன?

வேடிக்கை என்னவென்றால், இதில் ஏமாறுகிறவர்கள் ஆடிட்டர்கள். கேஷ் புக்கை எழுதுகிற கேஷியரே பேங்க் பாஸ்புக்கையும் எழுதினால் ஒப்புக்கொள்வார்களா? தனித்தனியாக எழுதிய கணக்கு என்பதால்தானே இரண்டையும் ஒத்துப் பார்க்கிறோம்? பி.காம். முதல் வருஷப் பாடம் இது. கார்பன் நகலில் அசலின் தப்பு அப்படியே இருக்கும்.

இரண்டாவது சர்வர் வீண் செலவு என்று யாரும் சொல்லவில்லை. ஒன்றின் மதர்போர்டு போனால் வேலை நிற்காது. செப்டம்பர் மாதத்து ஆடிட் நெருக்கடியில் அது பெரிய விஷயம்தான். ஆனால் தொலைந்த கணக்கை மீட்க, தினமும் பேக்கப் எடுத்ததும் கழற்றி வைக்கிற இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வேண்டும். ஒன்று ஆபீஸில், மற்றது முதலாளி வீட்டு பீரோவில், மாற்றி மாற்றி. மாசம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கிளையன்ட்டின் டேட்டாவை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து திறந்தும் பார்க்கவேண்டும். அடுத்த தடவை சர்வர் விற்க வருகிறவரிடம், அதைத் திறந்து காட்டிவிட்டு பில்லைக் கொடுக்கச் சொல்லுங்கள்.