பித்தப்பை நீக்கிய பின்னர்

கங்கைச் சமவெளியில் பித்தக்கல் நோய் மிகுதி. வலி கொடுக்கும் கற்களுக்குப் பித்தப்பையை அகற்றிவிடுவதே நிலையான பரிகாரம். 1882-ல் பெர்லின் நகரில் கார்ல் லாங்கன்பூக் இச்சிகிச்சையை முதன்முதலாகச் செய்தார். வயிற்றை அகலமாகக் கீறிய காலத்தில் நோயாளி பல நாட்கள் ஆஸ்பத்திரியிலேயே தங்கினார். கோளாறு எதுவாயினும் டாக்டரின் கண்முன் தலைகாட்டியது. 1990-ல் பம்பாயில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா லாபராஸ்கோப் முறையை இந்நாட்டில் தொடங்கிவைத்தார். இன்று நோயாளி பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார். ஆகவே பின்விளைவுகள் கிராமத்தில் தோன்றுகின்றன. அவற்றைப்பற்றி முதலில் வினவப்படுபவர் சுகாதார ஊழியர் அல்லது பள்ளி ஆசிரியர்.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரலே. பை அதனைச் சேமித்துச் செறிவாக்கி, உணவு வந்ததும் வெளிவிடுகிறது. பை போனபின் பித்தநீர் சிறுகுடலில் இடையறாது வடிகிறது. அதன் அமிலங்கள் மிகுதியாகப் பெருங்குடலை அடைந்தால் சிலருக்கு உணவுண்டதும் பேதியாகும். கொழுப்பு மிகுந்த உண்டியால் வயிறு உப்பலாம். பலருக்கு இவை சில வாரங்களில் தணியும். நீடிப்பின் அமிலத்தைப் பிணைக்கும் மருந்துண்டு. தோள்பட்டை வலியோ, வயிற்றினுள் செலுத்தப்பட்ட கரியமிலவாயுவால் உதரவிதானம் உறுத்தப்படுவதன் விளைவு. ஓரிரு நாளில் நீங்கும். பையே இல்லை, இனி எதுவும் செரிக்காது என்றெண்ணி நோயாளியை ஆயுள் முழுதும் கஞ்சியில் வைப்பது வீண் கொடுமை.

ஆனால் எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும் என்னும் ஆறுதல் அதனினும் கொடியது. கண் மஞ்சளித்தல், குளிர்காய்ச்சல், வளர்ந்துகொண்டே போகும் வயிற்றுவலி, வெளுத்த மலம் ஆகியவற்றுள் ஒன்று காணினும் அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல் வேண்டும். பித்தநாளத்தில் கல் தங்கியிருக்கலாம், நாளமே காயமுற்றிருக்கலாம். அத்தகைய காயம் ஆயிரத்தில் சிலருக்கே நேர்வது. எனினும் காமாலை என்றதும் மந்திரிப்பவரை நாடிக் கழிக்கும் நாட்கள் உயிருக்கே உலை வைக்கும்.

இவற்றைப் புரியாத ஆங்கிலத்தில் எழுதிக் கையில் திணிப்பதால் பயனில்லை. வீட்டுக்கு அனுப்புமுன் நோயாளியின் மொழியில் எழுதிய சீட்டொன்றைத் தந்து, படித்தும் காட்டுவது ஆஸ்பத்திரியின் கடமை. அகற்றிய பையின் திசுப் பரிசோதனை முடிவு என்று கிடைக்கும் என்பதும் அதில் இருத்தல் நலம். வட இந்தியாவில் பித்தப்பைப் புற்றுநோய் அரிதன்று. அது சில சமயம் அப்பரிசோதனையில்தான் வெளிப்படுகிறது. கற்களைப் புட்டியிலிட்டு ஊராருக்குக் காட்டும் உற்சாகம், அம்முடிவைக் கேட்டு வாங்குவதில் காணப்படுவதில்லை.