கழுவினால் போகாது!

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் பல வீடுகளில் கோழிக் குழம்பு மணக்கும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

அதே கோழிக்கறி உயிரைப் பறித்ததும் உண்டு.

2022-ம் ஆண்டு மே மாதம், கேரளாவில் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தாள். 2023-ம் ஆண்டு செப்டம்பரில், நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது சிறுமி இறந்தாள்.

ஷவர்மா என்பது கம்பியில் குத்திச் சுழலவிட்டுச் சுடும் கறி. வெளியே வெந்திருக்கும். உள்ளே வேகாமல் இருக்கக்கூடும்.

கிருமி எங்கே இருக்கிறது?

நல்ல கோழியின் குடலிலும் "சால்மனெல்லா", "கேம்பிலோபாக்டர்" என்ற கிருமிகள் இருக்கலாம். கோழியை அறுக்கும்போது அவை கறியில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. வாடையும் வராது.

வயிற்றுக்குள் போனால் வாந்தி, பேதி, வயிற்றுவலி, காய்ச்சல் வரும். பெரியவர்கள் பெரும்பாலும் சில நாட்களில் தேறிவிடுவார்கள். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து அதிகம்.

குழாயடியில் கழுவலாமா?

தாய்மார்கள் கறியில் மஞ்சள் போட்டு, நாலு தண்ணீரில் அலசுகிறார்கள். சுத்தத்தில் உள்ள அக்கறைதான் காரணம். ஆனால், தண்ணீரில் கிருமி சாகாது. மஞ்சளையும் நம்பமுடியாது.

குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் தண்ணீர் தெறிக்கும். பக்கத்தில் இருக்கும் தட்டிலும் வெங்காயத்திலும் கிருமி போய் உட்காரும். கறி அடுப்பில் வெந்துவிடும். வெங்காயமோ பச்சையாக இலைக்கு வரும்! அதனால்தான் 2014-ல் பிரிட்டனின் உணவுத் தர நிறுவனம், கோழிக்கறியைக் கழுவவேண்டாம் என்று பிரசாரம் செய்தது.

நம் ஊர்க் கறியில் ரத்தமும் இறகும் ஒட்டியிருக்கும். கழுவாமல் இருக்க மனம் வராது. கழுவத்தான் வேண்டும் என்றால், பாத்திரத்தில் தண்ணீர் விட்டுத் தெறிக்காமல் மெதுவாக அலசவேண்டும். பிறகு கை, கத்தி, பலகை, தொட்டி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும்.

கிருமி சாவது அடுப்பில்தான். கறியின் நடுப்பகுதியில் 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறவேண்டும். சிறு துண்டாக வெட்டி, நன்றாகக் கொதிக்கவிட்டால் அந்தச் சூடு வந்துவிடும்.

மிச்சக் குழம்பு

மிஞ்சிய குழம்பை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. வெதுவெதுப்பான இடத்தில் ஒரு கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும். அப்படியே பெருகினால், 8 மணி நேரத்தில் 1 கோடியே 60 லட்சத்தைத் தாண்டிவிடும்!

கடைக்காரர் கடமை

வீட்டில் கவனமாக இருந்தால் மட்டும் போதாது. கடையிலும் கவனம் வேண்டும். பாதுகாப்பற்ற உணவை விற்பது குற்றம் என்று 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லுகிறது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு, 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது.

சட்டம் இருக்கிறது. அதிகாரிகளும் இருக்கிறார்கள். நாமக்கல் சிறுமி இறந்த பிறகு, கடை கடையாகச் சோதனை நடந்தது. இனி அந்தச் சோதனை, ஒரு குழந்தை சாகும் முன்பே நடக்கட்டும்!