உப்புத் தண்ணிக்கு ஒரு ஜே!

மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி, மணி பதினொண்ணு. மறுநாள் இன்டர்னல். புக்கை மூஞ்சிக்கு நேரா வெச்சுக்கிட்டு நான் நல்லா தூங்கிட்டு இருந்தப்ப செல்லுல ஒரு மெசேஜ். அனுப்பினது ஜூனியர் பையன். ‘அக்கா, என் ஆக்ஸலாட்டில் டேங்க்ல பி.ஹெச். 6.2-க்கு இறங்கிடுச்சு. கிச்சன்ல ஆப்ப சோடா இருக்கு. ரெண்டு ஸ்பூன் போட்டுடவா?’

தூக்கம் போயே போச்சு. ‘டேய், டப்பாவை மூடுடா மொதல்ல!’னு பதில் போட்டேன்.

நான் ஏன் அலறினேன்னா, அந்த ரெண்டு ஸ்பூன் தப்பை ஏற்கெனவே செஞ்சவ நான். ஃபர்ஸ்ட் இயர்ல கிணத்துக்கடவு வீட்டுல ஒரு தொட்டி, அதுல நாலு கோல்டு ஃபிஷ். எங்க போர் தண்ணியைப் பத்தித் தெரியும்ல? சோப்பு போட்டா நுரைக்காது, பக்கெட்டுல வெள்ளை வெள்ளையா படியும். இந்த உப்புத் தண்ணியிலயா என் செல்லங்களை விடுறதுனு ரொம்பப் பாசமா கேன் தண்ணி வாங்கி ஊத்தினேன். ரெண்டே மாசத்துல மீனெல்லாம் மூலையில ஒதுங்கி நின்னுச்சு. டெஸ்ட் பண்ணினா பி.ஹெச். 6. ஆப்ப சோடாவை அள்ளிப் போட்டேன். பி.ஹெச். ஜம்முனு ஏறுச்சு. காலையில ரெண்டு மீன் மல்லாந்து கிடந்துச்சு.

கொன்னது சோடா இல்ல மக்களே, அமோனியா. மீன் கழிவுல இருந்து எப்பவும் அமோனியா வந்துட்டே இருக்கும். தண்ணி அமிலமா இருக்குற வரைக்கும் அதுல பெரும்பகுதி அமோனியம் அயனியா, அவ்வளவா தொந்தரவு பண்ணாம கிடக்கும். பி.ஹெச். ஒரு புள்ளி ஏறினா விஷமான அமோனியா கிட்டத்தட்ட பத்து மடங்காகும். 25 டிகிரி வெப்பத்துல பி.ஹெச். 7-ல நூத்துல அரை பங்குதான் விஷம். 8-க்குப் போனா அஞ்சு பங்கு! இதுல இன்னொரு கூத்து, பி.ஹெச். 6 பக்கம் வந்துட்டா அமோனியாவைத் தின்னுற பாக்டீரியாவும் வேலையை நிறுத்திடும். ஆக, அமிலத் தொட்டியில சரக்கு சேர்ந்துக்கிட்டே இருக்கு. நாம சோடா போட்டு ஒரே ராத்திரியில வெடிக்க வெச்சுடுறோம். ஆக்ஸலாட்டிலுக்கு செவுள் வெளியில தொங்குது, தோலும் மெல்லிசு. அது எப்படித் தாங்கும்?

அப்புறம்தான் கெமிஸ்ட்ரி லேப்ல செஞ்ச அல்கலினிட்டி டைட்ரேஷனுக்கு அர்த்தமே புரிஞ்சுது. (ரீடிங்கை பக்கத்து பெஞ்சுல காப்பியடிச்சவங்க தலை குனியவும். நானும்தான்.) தண்ணியில இருக்குற பைகார்பனேட், அமிலத்தைப் பிடிச்சு விழுங்குற காவல்காரன். மீன் தொட்டி பாஷையில இதுக்கு கே.ஹெச். அமோனியாவை நைட்ரேட்டா மாத்தறப்ப பாக்டீரியா அமிலத்தை விட்டுக்கிட்டே இருக்கும். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு சுமார் 7 கிராம் சுண்ணாம்புக் கார்பனேட் அளவுக்குக் காவல்காரன் காலி. ஆர்.ஓ. தண்ணியில காவல்காரனே கிடையாது. அப்ப பி.ஹெச். சரியாம என்ன பண்ணும்?

ஜூனியர் இருக்குறது கோவையில, சிறுவாணித் தண்ணி வர்ற ஏரியா. குடிக்க தேன் மாதிரி, ஏன்னா அதுல உப்பு ரொம்பக் கம்மி. ஆக்ஸலாட்டிலோட சொந்த ஊரு மெக்ஸிகோவுல ஸோச்சிமில்கோ கால்வாய். 1998-ல சதுர கிலோமீட்டருக்கு 6,000-ம்னு கணக்கெடுத்த ஜீவன், 2014-ல 36-தான்! பி.ஹெச். 7.4 - 7.6, கொஞ்சம் கடினமான தண்ணி, 16 - 18 டிகிரி குளிர், இதுதான் அதுக்குப் பிடிச்சது. சிறுவாணித் தண்ணி அதுக்கு ரொம்ப சாது.

மறுநாள் இன்டர்னலை ஒருவழியா முடிச்சுட்டு கணக்கு போட்டோம். எங்க போர்ல கே.ஹெச். 13. அவன் குழாயில 1. மூணு பங்கு குழாய்த் தண்ணியோட ஒரு பங்கு போர் தண்ணி சேர்த்தா 4. அவ்வளவுதான் மருந்து! தென்னந்தோப்பு உரம் இறங்கியிருக்குமோனு போர் தண்ணியில நைட்ரேட்டையும் பார்த்துக்கிட்டோம். தேவலை. குழாய்த் தண்ணியை ஒரு நாள் திறந்து வெச்சு குளோரின் போக விட்டோம்.

கலவையை ஒரேயடியா ஊத்தல. தினம் தொட்டியில பத்துல ஒரு பங்கை எடுத்துட்டு, அதே அளவு, அதே சூட்டுல புதுத் தண்ணி. ஒவ்வொரு தடவையும் அமோனியா டெஸ்ட். ஒரு நாளைக்கு பி.ஹெச். 0.2-க்கு மேல ஏறக் கூடாதுனு நான் ஸ்ட்ரிக்ட்டா இருந்தேன். நாலாவது நாள் அமோனியா கொஞ்சம் தூக்குச்சு, அன்னிக்குத் தீனி கட்!

போர் தண்ணி கிடைக்காதவங்களுக்கு ஆப்ப சோடாவே ஆகும். ஆனா கிராம் கணக்குல. நூறு லிட்டருக்கு 3 கிராம் போட்டா கே.ஹெச். ஒரு டிகிரி ஏறும். அதையும் புதுசா ஊத்துற தண்ணியில கரைச்சுத்தான் விடணும். பேக்கிங் பவுடர் வேற, அதைத் தொடாதீங்க. கோழித் தீவனக் கடையில விக்கிற கிளிஞ்சல் எனக்கு இன்னும் பிடிக்கும். கழுவி, துணியில கட்டி ஃபில்டர்ல போட்டா, தண்ணி அமிலமாகுறப்ப மட்டும் மெதுவா கரையும். எங்க அம்மிச்சி, ‘கெணத்துக்குப் போடற சுண்ணாம்பை ஒரு கை போடு கண்ணு’ங்குது. கெணத்துக்குச் சரி. நூறு லிட்டர் தொட்டியில அது பி.ஹெச்.சை எகிற வெச்சு எல்லாரையும் அனுப்பி வெச்சுடும் அம்மிச்சி!

ஒரு விஷயம் அவன்கிட்ட கறாராவே கேட்டேன், பதிவு பண்ணியிருக்கியானு. ஆக்ஸலாட்டில் சைட்டஸ் பட்டியல்ல இருக்குற பிராணி. 2024-ல வந்த விதிப்படி அந்த மாதிரி உயிர்களை வளர்க்கிறவங்க பரிவேஷ் தளத்துல பதியணும். திருதிருனு முழிச்சான். இப்ப விண்ணப்பம் போட்டுட்டான். கோவை வெயில்ல இதை வளர்க்கணுமாங்கிறது எனக்கு இன்னும் உறுத்தல்தான். பி.ஹெச். 7.4-ல நிக்குது, சரி. சித்திரை வந்தா சில்லர் வாங்கக் காசு யார் தர்றது?

இப்போதைக்கு சனிக்கிழமை சனிக்கிழமை கேனைத் தூக்கிட்டு எங்க ஊருக்கு வந்துடுறான். போன வாரம் பொள்ளாச்சி ரோட்டு பஸ்ஸுல கண்டக்டர் கேட்டாராம், ‘ஏந் தம்பி, ஊரே நல்ல தண்ணி கொண்டாருது, நீ என்ன கெணத்துக்கடவுல இருந்து உப்புத் தண்ணியைத் தூக்கிட்டுப் போற?’

விளக்கம் சொல்றதுக்குள்ள உக்கடம் வந்துடுச்சாம். லக்கேஜ் டிக்கெட் போடலயாம்.